பணகுடியில் ராத்திரி ஒன்றரை மணிக்கு

போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்றே முக்காலுக்கு டிரைவர் போன் அடித்தார்.

"எக்கா, பணகுடில சார் வீட்டு முன்னாலதான் நிக்கேன். கால் மணி நேரமா அடிக்கேன், போனை எடுக்க மாட்டேங்காவ. கேட்டைத் தட்டுனா நாய் குலைக்கி."

டிராவல்ஸ் நடத்துகிற எனக்கு இது புதிதில்லை. என் நோட்டில் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டாவதாக ஒரு எண் இருக்கும். மனைவியின் எண், அண்ணன் எண், எதிர்வீட்டு எண் என்று ஆளுக்குத் தக்கபடி. இவருக்கு மாமியார் எண். அந்த அம்மா இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "வண்டி வந்துட்டா? இந்தா எழுப்புதேன்" என்றார், ஏதோ பகல் இரண்டு மணி போல. மனிதர் போனைச் சைலண்டில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். பத்து நிமிடத்தில் குளிக்காமல் வண்டியேறினார். திருவனந்தபுரத்தில் காலை ஆறு மணிக்குச் சற்று முன்னால் விமானம். பணகுடியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை என்று ஊர் ஊராக நெருக்கமான ரோடு. நடுராத்திரி என்றால்தான் இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்.

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அவருடைய கம்பெனி கொடுத்திருக்கும் பயண ஆப்பைத் திறந்து பார்த்தேன். ஏஜென்ட் என்ற முறையில் எனக்கும் அதில் ஒரு நுழைவு உண்டு. பச்சை எழுத்தில் இருந்தது: உங்கள் பயணம் தொடங்க இன்னும் நான்கு மணி நேரம்.

அவர் அப்போது காவல்கிணற்றைத் தாண்டிக்கொண்டிருந்திருப்பார்.

அலுவல் பயணத்துக்கென்று இன்றைக்கு எத்தனையோ மென்பொருள்கள் இருக்கின்றன. டிக்கெட் போடுவதற்கு, மேலதிகாரியிடம் அனுமதி வாங்குவதற்கு, பில்லைப் படம் பிடித்துக் கணக்குக் காட்டுவதற்கு, ஆள் எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் காட்டுவதற்கு. குறை சொல்லவில்லை, நல்ல சாமான்கள்தான். ஆனால் அவற்றைச் செய்தவர்கள் எல்லாருக்கும் விமான நிலையம் டாக்ஸி தூரத்தில் இருக்கிறது போல. அவர்கள் கணக்கில் பயணம் என்றால் விமானம் கிளம்புவது முதல் இறங்குவது வரை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது நடுவில் வரும் ஒரு துண்டு. முன்னால் ஒரு ராத்திரி இருக்கிறது, பின்னால் ஒரு ராத்திரி இருக்கிறது.

என் டிராவல்ஸ் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிறது. கடை அப்பா ஆரம்பித்தது. சுற்றுலாக் கூட்டத்தை விட வேலையாகப் போகிறவர்கள்தான் எனக்கு அதிகம். அதிலும் பாதிப் பேர் காற்றாடிக்காரர்கள். காற்றாலை என்று பேப்பரில் எழுதுவார்கள், இங்கே எல்லாருக்கும் அது காற்றாடிதான். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பணகுடி, வள்ளியூர், வடக்கே கயத்தாறு என்று நிற்கிற அந்த வெள்ளைக் கம்பங்களைப் பராமரிக்கிற எஞ்சினியர்களும், அவற்றுக்குப் பாகம் விற்கிறவர்களும். அப்புறம் பாளையங்கோட்டை டாக்டர்கள், அம்பை அரிசி ஆலைக்காரர்கள், கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள்.

காற்றாடிக்காரர்களின் பயணத்துக்கு ஒரு பருவம் உண்டு. தென்மேற்குக் காற்று அடிக்கிற வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை ஒருவரும் ஊரை விட்டு நகர மாட்டார்கள். காற்று இருக்கும்போது மிஷின் நின்றால் நஷ்டம். பயிற்சி, மீட்டிங், கம்பெனி விழா எல்லாம் காற்று ஓய்ந்த பிறகுதான். மும்பையில் உட்கார்ந்து வருடாந்தரப் பயணத் திட்டம் போடும் ஒருவர், "ஜூலையில் ஏன் உங்கள் பகுதியில் புக்கிங்கே இல்லை, ஆப்பைப் பயன்படுத்த வரவில்லையா?" என்று எனக்கு மின்னஞ்சல் போட்டார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். கடைசியில் "விண்ட் சீசன் சார்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அப்பா காலத்தில் இந்தத் தொழில் காலால் செய்தது. விடிவதற்கு முன் ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுன்டரில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு பயணிக்கும் ஒரு படிவம், பெயர், வயது, வண்டி எண். அப்பா படிவங்களை முந்தின ராத்திரியே நிரப்பி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் வாங்கிக் கொடுத்தால் அவருடைய வேலை முடிந்தது. ஏறுகிறவர் காலையில் எழும்பூரில் இறங்கி, கென்னட் லேனில் ஒரு லாட்ஜில் குளித்து, வேலையை முடித்து, அன்றைக்கு ராத்திரியே வண்டியேறி, மறுநாள் காலை ஜங்ஷனில் இறங்கிவிடுவார். நெல்லை வியாபாரிகள் ஒரு தலைமுறை முழுக்க இப்படித்தான் சென்னைக்குப் போய் வந்தார்கள். ரயில்வேயின் இணைய முன்பதிவு 2002இல் வந்தபோது அப்பா சொன்னது: "இனிமே கால் வலிக்காது. கண்ணுதான் வலிக்கும்." அவர் சொன்னபடியே ஆனது.

நான் அப்போது விமான டிக்கெட் போடும் பயிற்சிக்குப் போயிருந்தேன். அமேடியஸ் என்ற மென்பொருள். இப்போது இருக்கிற மாதிரிப் படம், பொத்தான் எதுவும் கிடையாது. எல்லாம் கட்டளை எழுத்துகள். ஏஎன் என்று தட்டி, தேதியும் ஊர்க் குறியீடும் போட்டால் எந்தெந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று வரும். எஸ்எஸ் என்றால் இடத்தைப் பிடி. என்எம் என்றால் பெயர். ஈஆர் அடித்தால் ஆறு எழுத்தில் ஒரு பிஎன்ஆர் விழும். மந்திரம் மாதிரி இருந்தது. இப்போதும் அவசரத்தில் எனக்கு அந்தத் திரைதான் வேகம். புதிய திரையில் பத்து முறை சொடுக்கும் வேலை அதில் இரண்டு வரி.

அந்த என்எம் கட்டளையில்தான் எங்கள் ஊர் முதன்முதலாக இடித்தது. குடும்பப் பெயர், ஒரு சாய்கோடு, பிறகு சொந்தப் பெயர். அப்படித்தான் அடிக்க வேண்டும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதான். பயிற்சியில் ஒரு கதை சொன்னார்கள். 1953இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவரும் ஐபிஎம்மின் விற்பனை ஆள் ஒருவரும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். இருவர் பெயரும் ஸ்மித். அதை வைத்துத் தொடங்கிய பேச்சு, டிக்கெட் பதிவைக் கம்ப்யூட்டரில் செய்தால் என்ன என்று போய், 1960களின் தொடக்கத்தில் சேபர் என்ற அமைப்பாக வந்து நின்றது. கதை கேட்ட அன்றைக்கே எனக்குக் காரணம் விளங்கிவிட்டது. இரண்டு ஸ்மித்துகள் சேர்ந்து ஆரம்பித்த சங்கதியில் எஸ். பேச்சிமுத்துவுக்கு இடம் எங்கே இருக்கும்?

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இன்றைக்கும் என் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பது பெயர்தான். ஒரே ஆளுக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். போதாக்குறைக்கு எங்கள் ஊர்ச் சாமிகள். இசக்கி என்று எழுதுகிறோம், ஆங்கிலத்தில் சிலருக்கு அது 'இ'யில் தொடங்கும், சிலருக்கு 'எ'யில் தொடங்கும், 'கே' ஒன்றா இரண்டா என்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியாரைப் பொறுத்தது. சுடலைமுத்து என்ற பெயரை ஐந்து விதமாக எழுதி நானே பார்த்திருக்கிறேன். கம்பெனி ஆப்பில் மனிதவளத் துறைக்காரர் ஒரு மாதிரி ஏற்றி வைத்திருப்பார், டிக்கெட் அப்படியே விழும், ஆள் கையில் இருக்கும் அட்டையில் வேறு மாதிரி இருக்கும். அந்த ஆப்பில் பெயரை நான் திருத்த முடியாது. அதற்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டும், மூன்று வேலை நாள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இது விளையாட்டே இல்லை. 2022 நவம்பரிலிருந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர விட மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. பிறகு, இரண்டாம் விவரப் பக்கத்தில் (நம் பாஸ்போர்ட்டில் அது கடைசிப் பக்கம்) அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வேலை விஷயமாகத் துபாய் போகிறவர்கள் என்னிடம் வந்தால், டிக்கெட் எத்தனை ரூபாய் என்பதற்கு முன்னால் நான் கேட்பது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத்தான்.

டிஜியாத்ரா 2022 டிசம்பரில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி, அப்புறம் சென்னைக்கும் வந்தது. முகத்தைக் காட்டினால் வாசல் திறக்கும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மாதத் தாடியோடு என் வாடிக்கைக்காரர் ஒருவர் சென்னையில் அந்த வாசலில் போய் நின்றார். திறக்காது என்று பந்தயமே கட்டியிருந்தேன். திறந்துவிட்டது! அதே வாசலில் தாடி இல்லாத அவருடைய தம்பி நின்றுபோனார். ஆதாரில் இருந்த பெயருக்கும் போர்டிங் பாஸில் இருந்த பெயருக்கும் ஓர் இனிஷியல் வித்தியாசம்.

சரி, மூன்று விமான நிலையக் கணக்குக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருநெல்வேலிக்கு விமான நிலையம் இல்லை. ஆனால் மூன்று இருக்கின்றன. கிழக்கே தூத்துக்குடி ரோட்டில் வாகைக்குளம், வண்ணார்பேட்டையிலிருந்து முக்கால் மணி நேரம். வடக்கே மதுரை, நாலுவழிச் சாலையில் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். தெற்கே திருவனந்தபுரம், எங்கள் கடையிலிருந்து என்றால் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். வாகைக்குளத்தில் ரொம்ப காலமாக ஓடுபாதை 1,350 மீட்டர்தான். காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம் மட்டும் இறங்கும், சென்னைக்கும் பெங்களூருக்கும். இப்போது ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறந்தது. கட்டடம் நன்றாக இருக்கிறது. பெரிய விமானம் இறங்க வழி இருக்கிறது. மும்பைக்கும் டெல்லிக்கும் நேராக வண்டி எப்போது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், என்னவோ நான் வீட்டில் ஒரு விமானம் கட்டிப் போட்டிருக்கிற மாதிரி.

வண்ணார்பேட்டையில் இருக்கும் ஒருவர் மும்பை போக வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நேர் விமானம், அன்றைய விலை ஆறாயிரத்து நூறு. வாகைக்குளத்திலிருந்து சென்னை மாறிப் போனால் எட்டாயிரத்து முந்நூறு. கம்பெனி ஆப் இரண்டையும் அருகருகே வைத்து முதலாவதற்குப் பச்சை, இரண்டாவதற்குச் சிவப்பு போட்டது. சிவப்பைத் தொட்டால் "ஏன் விதியை மீறுகிறீர்கள்?" என்று ஒரு கட்டம் திறக்கும், காரணம் எழுத வேண்டும், பிறகு அனுமதி மேலே போகும்.

திருவனந்தபுரத்துக்குக் கார் நாலாயிரத்து ஐந்நூறு. வாகைக்குளத்துக்கு ஆயிரத்து இருநூறு. கூட்டிப் பாருங்கள். சிவப்பு ஒன்பதாயிரத்து ஐந்நூறு, பச்சை பத்தாயிரத்து அறுநூறு. பணம் போக, பச்சையில் போனால் ஆள் ஒரு ராத்திரித் தூக்கத்தையும் இழக்க வேண்டும். ஆனால் கார் வாடகை வேறு தலைப்பில், வேறு ஒருவர் பார்க்கும் கணக்கில் போகிறது. விமானக் கணக்கைப் பார்க்கிறவருக்கு மாதக் கடைசியில் "இவ்வளவு சேமித்தோம்" என்று ஓர் அறிக்கை வரும், அதில் அந்த இரண்டாயிரத்து இருநூறும் சேர்ந்திருக்கும். நான் இதைப் போனில் விளக்கினேன். அந்தப் பக்கத்தில் இருந்த பையன் நல்ல பையன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், நீங்க சொல்றது சரி. ஆனா சிஸ்டத்துல கார் இல்லையே" என்றான். வேறென்ன சொல்ல முடியும் அவனால்?

விடியற்காலை வண்டியில் டிரைவரும் ஒரு மனிதர்தான் என்பதும் சிஸ்டத்தில் இல்லை. முந்தின நாள் பகல் முழுக்கக் குற்றாலத்துக்கு ஓட்டியவரை ஒன்றரை மணிக்குப் பணகுடிக்கு அனுப்பக் கூடாது. அதை நான் நோட்டில்தான் பார்த்துக்கொள்கிறேன். வரைபடத்தில் பச்சைப் புள்ளி வைத்துப் பயணியின் பாதுகாப்பைக் காக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் ஆபத்து பெரும்பாலும் நாலுவழிச் சாலையில் விடியற்காலை நாலு மணிக்கு இருக்கிறது, ஆகாயத்தில் இல்லை.

வந்தே பாரத் வந்த பிறகு கார் அலைச்சல் கொஞ்சம் குறைந்தது உண்மை. 2023 செப்டம்பர் 24 முதல் ஓடுகிறது. காலை ஆறு மணி வாக்கில் ஜங்ஷனில் கிளம்பி, இரண்டு மணிக்கு முன்னால் எழும்பூர். எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மூன்று மணி மீட்டிங்குக்குப் போய்விடலாம். திரும்பும் வண்டி எழும்பூரில் பகல் மூன்று மணிக்கு முன்பே கிளம்பிவிடும், அதனால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே போக வந்தே பாரத், வர நெல்லை எக்ஸ்பிரஸ். கென்னட் லேன் லாட்ஜுக்குத்தான் நஷ்டம்.

ஆனால் நம் ரயில்வேயை வெளிநாட்டு ஆப்புகளுக்குள் திணிப்பது பெரும்பாடு. அவற்றில் டிக்கெட் என்றால் இரண்டே நிலைதான். உறுதி, அல்லது ரத்து. நமக்கு நடுவில் ஒரு பெரிய உலகமே இருக்கிறது. ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஓர் அதிகாரி அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. டிக்கெட் ஆர்ஏசி. "இது என்ன நிலை?" என்று கேட்டு எழுதினார். ஏறலாம், உட்காரலாம், படுக்க முடியாது, பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இன்னொருவரோடு பாதிப் பாதி பகிர வேண்டும், யாராவது வராவிட்டால் முழுப் படுக்கை கிடைக்கும் என்று எழுதினேன். "அந்த இன்னொருவர் நமது ஊழியரா?" என்று பதில் வந்தது. இல்லை, யாரென்று ஏறின பிறகுதான் தெரியும் என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் அனுமதி வந்தது, "வாழ்த்துகள்" என்ற குறிப்போடு.

தட்கல் இப்போது இன்னொரு தலைவலி. ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி, அது பழையது. 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல். முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்கள் தொடவே கூடாது. நாங்கள் போட்டாலும் ஓடிபி பயணியின் போனுக்குப் போகும். நியாயமான விதிதான், மறுக்கவில்லை. மென்பொருள் வைத்து நொடியில் டிக்கெட்டைச் சுருட்டியவர்கள் இருந்தார்கள், எங்களைப் போன்றவர்களுக்கும் அவர்களால் கெட்ட பெயர். ஆனால் என் பயணி அந்த நேரத்தில் எங்கே இருப்பார் தெரியுமா? கயத்தாறில் எண்பது மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியில். போன் கீழே ஜீப்பில். ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு, "தம்பி, சார் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படி" என்றால், "பூட்டு போட்டிருக்காவக்கா" என்கிறான். இப்போதெல்லாம் தட்கல் தேவைப்படும் நாளில் அவர்கள் கம்பம் ஏறுவதைப் பதினொன்றரைக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

சார்ட், அதாவது யாருக்கு இடம் என்று முடிவாகும் பட்டியல், அதில் வந்த மாற்றத்தை மட்டும் வாயாரப் பாராட்டுவேன். முன்பு வண்டி கிளம்ப நாலு மணி நேரம் முன்னால்தான் தயாராகும், அதிகாலை வண்டிக்கு நடுராத்திரியில்தான் தலைவிதி தெரியும். 2025 ஜூலையில் எட்டு மணி நேரம் என்றும், பகல் இரண்டு மணிக்குள் கிளம்பும் வண்டிகளுக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே என்றும் மாற்றினார்கள், அப்புறம் அதையும் இன்னும் முன்னால் தள்ளினார்கள். காலை வண்டிக்கு வெயிட்டிங் லிஸ்ட்காரர் முந்தின ராத்திரியே முடிவெடுத்துவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கலாம். ரயில்வேயில் யாரோ ஒருவர் வீட்டிலும் இப்படிப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டியைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள், அதனால் ஒரே விஷயம். ஓட்டல் அறைக்கு வரி, ஓட்டல் இருக்கும் மாநிலத்துக்கு. தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்திருக்கும் நெல்லைக் கம்பெனியின் ஆள் புனேயில் தங்கினால், அந்த பில்லில் இருக்கும் மகாராஷ்டிர வரியை இங்கே கழிக்க முடியாது. இதை ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒவ்வொரு கணக்கருக்கும் சொல்லி அலுத்துவிட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள அறைகளுக்கு வரியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். தொகை சிறிதானதால் அந்தச் சண்டை பெரும்பாலும் ஓய்ந்தது. விமான பில்லை ஒவ்வொரு நிறுவனத்தின் தளத்திலும் தனித்தனியாகப் போய் இறக்கும் வேலை ஓயவில்லை. அதற்கென்றே செவ்வாய்க்கிழமை மதியம் ஒதுக்கியிருக்கிறேன்.

விலை விஷயமும் முன்பு போல ஒரே இடத்தில் இல்லை. சேபர், அமேடியஸ் மாதிரிப் பொதுச் சந்தைகளுக்குக் கட்டணம் கொடுத்து அலுத்துப்போன விமான நிறுவனங்கள், தங்கள் விலையைத் தாங்களே நேராக அனுப்பும் வழியைத் தேடின. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா 2012இல் அதற்கு என்டிசி என்று ஒரு தரம் கொண்டுவந்தது. லுஃப்தான்சா 2015 செப்டம்பரிலிருந்து பழைய வழியில் போடும் டிக்கெட்டுக்கு 16 யூரோ கூடுதலாக வசூலித்தது. அதன் பிறகு ஒவ்வொருவராக அந்த வழியில். விளைவு என் மேசையில் தெரிகிறது. ஒரே விமானம், ஒரே இருக்கை, மூன்று ஜன்னலில் மூன்று விலை. ஒன்றில் பெட்டி சேர்ந்திருக்கும், ஒன்றில் சாப்பாடு, ஒன்றில் எதுவும் இல்லை. எது மலிவு என்று வாடிக்கைக்காரர் கேட்டால், "உங்க பெட்டி எத்தனை கிலோ?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

பெருந்தொற்றுக்குப் பிறகு அலுவல் பயணமே செத்துப்போகும் என்றார்கள். 2020 மார்ச் கடைசியிலிருந்து மே 25 வரை உள்நாட்டு விமானமே பறக்காத அந்த இரண்டு மாதம் நானும் நம்பினேன். கடையை ஜெராக்ஸ் கடையாக மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு. திரும்பி வந்தது, ஆனால் வேறு மாதிரி வந்தது. வெறும் மீட்டிங்குக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கையால் தொட்டுச் செய்ய வேண்டிய வேலைக்குப் போகிறவர்கள் அப்படியே இருக்கிறார்கள். போகிறவர்கள் ஒரே பயணத்தில் மூன்று வேலையை முடிக்கிறார்கள். அதனால் டிக்கெட்டின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு டிக்கெட்டிலும் சிக்கல் அதிகம்.

2023 டிசம்பர் 17ஐச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஏறி வந்து, எங்கள் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். உடன்குடியில் அனல்மின் நிலைய வேலைக்காக வந்திருந்த சென்னை எஞ்சினியர் ஒருவருக்கு அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்கு நான்தான் டிக்கெட் போட்டிருந்தேன். வண்டி கிளம்பியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளம் அடித்துப் போயிருக்கிறது. தகவல் வந்ததும் அங்கிருந்த நிலைய அதிகாரி வண்டியை மேலே விடாமல் நிறுத்திவிட்டார். சுமார் 800 பேர் உள்ளே. சுற்றிலும் தண்ணீர்.

போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன. அவரோடு கடைசியாகப் பேசியது ராத்திரி பத்தரைக்கு. மறுநாள் மதியம் மொட்டைமாடியில் ஒரு மூலையில் எனக்குச் சிக்னல் கிடைத்தது. அவருடைய கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது. தென் தமிழ்நாட்டில் வெள்ளம், அங்கே இருக்கும் ஊழியர்களைச் சரிபார்த்துவிட்டோம், எல்லாரும் பாதுகாப்பு என்று. பதறிப்போய் ஆப்பைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி. சென்னை எழும்பூர், வந்து சேர்ந்தார். கால அட்டவணைப்படி காலையிலேயே வண்டி எழும்பூருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா, ஆப் அவரைச் சேர்த்துவிட்டது.

அவர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து ஊர் ஜனங்கள் கோயிலில் வைத்துச் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம்தான். நான் கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் ஆள் எழும்பூரில் இல்லை என்றேன். "இல்லை மேடம், ரீச்டுன்னு காட்டுதே" என்றார் ஒருவர். மூன்று முறை சொன்ன பிறகுதான் நம்பினார். செவ்வாய்க்கிழமை மீட்டு, மணியாச்சிக்குக் கொண்டுபோய், சிறப்பு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். எழும்பூரில் இறங்கி எனக்குப் பேசினார். முதலில் என் கடையை விசாரித்தார். அப்புறம், "அந்த ஊர்ல ஒரு பாட்டி புளிச்சோறு குடுத்தாங்க, பேர் கேட்க மறந்துட்டேன்" என்றார்.

அதன் பிறகுதான் என் நோட்டில் இரண்டாவது எண் என்ற பழக்கம் வந்தது. மாமியார் எண் எல்லாம் அப்படி வந்ததுதான்.

இப்போது அடுத்தது வந்திருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து ஒரு கம்பெனியில் டிக்கெட்டை ஆப்பிடம் பேசியே போடலாமாம், தமிழிலும் பேசலாம். சோதித்துப் பார்க்க எனக்கும் அனுப்பியிருந்தார்கள். "அம்பையிலிருந்து புனே போகணும், திங்கள்கிழமை காலைல அங்க இருக்கணும்" என்றேன். குரல் இனிமையாகத்தான் இருந்தது. பாம்பேயிலிருந்து புனேக்கு நான்கு ரயில்களைக் காட்டியது. அம்பாசமுத்திரம் என்று முழுதாகச் சொன்னேன். அருகிலுள்ள விமான நிலையம் தூத்துக்குடி என்று சரியாகவே சொன்னது. சனிக்கிழமை ராத்திரி கல்யாண வீடு இருக்கிறது, ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் கிளம்ப முடியும் என்றேன். "கல்யாணத்துக்கு வாழ்த்துகள்" என்றது. கடைசியில் ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று கேட்டது. தமிழ் பேசுகிறதே என்று மூன்று போட்டேன்.

நாளை ராத்திரி கடையம்காரர் ஒருவருக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனால் சுருக்கம். மலையில் மழை பெய்கிறது என்கிறார்கள், மரம் விழுந்தால் சுற்றிக்கொண்டு நாகர்கோவில் வழியாகத்தான் போக வேண்டும். டிரைவருக்கு இப்போதே சொல்லி, பகலில் தூங்க வைக்க வேண்டும்.